வேங்கடத்து வழியும் மடிக் குழந்தையும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கட மலையைத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடுகின்றது. அந்த எல்லையைக் கடந்து பெங்களூரு, ஐதராபாத், மும்பை, தில்லி முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் தாய்நாட்டு வழக்கங்கள் பலவற்றைக் காலப்போக்கில் நெகிழ விட்டிருக்கலாம். ஆயினும் வீட்டில் குழந்தை பிறந்தால், அதன் முதல் முடியைத் திருமலையில் இறக்க வேண்டும் என்ற நேர்த்தியை எளிதில் விட்டவர் அல்லர். ஆகவே, அயல் மாநிலத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை ஒன்றின் வாழ்நாளில் முதல் நெடும்பயணம் எது என்று வினவினால், திருப்பதிப் பயணம் என்பதே பல குடும்பங்களில் விடையாக இருக்கும்.

அந்தப் பயணத்தில் குழந்தையை எவ்வாறு கொண்டு சென்றனர் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மன்னர்களின் திருப்பணிகளைக் கல்வெட்டுகள் கூறும். தாயின் இடுப்பில் அமர்ந்து மலையேறிய குழந்தையைப் பற்றி அவை கூறா. எனினும், வழி மாறுந்தோறும் குழந்தையைச் சுமக்கும் முறையும் மாறியே வந்திருக்கின்றது. ஒரே ஒரு மாற்றத்தின்போது மட்டும் வழி முன்னே சென்றது, வழக்கம் பின்தங்கிவிட்டது. அந்தப் பின்தங்கலைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நிலத்தை அறிந்து கொள்வோம். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தில், வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் அண்டை மாவட்டங்களின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. பின்னர் எல்லைச் சிக்கல் தீர்க்கப்பட்டு, 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் தோன்றியது. இவ்வாறு எல்லைக் கோடுகள் பல முறை மாறினும், சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பது நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து வருவோர் முள்பாகல், பலமனேர், சித்தூர் வழியாகவும், சென்னையிலிருந்து வருவோர் திருத்தணி, புத்தூர் வழியாகவும் இன்றும் திருப்பதியை அடைகின்றனர்.

பழைய நாளில் இவ்வழிகள் அனைத்தும் கால்நடை வழிகளும் மாட்டுவண்டி வழிகளுமே. வசதியுள்ள குடும்பங்கள் வில்வண்டி பூட்டின. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமக்காளம் விரித்து, பெண்டிரும் குழந்தைகளும் அமர்வர். கைக்குழந்தைக்கு வண்டிக் கூட்டின் வளைவில் பழஞ்சேலையால் ஏணை கட்டுவதும் உண்டு. வண்டியின் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே மிகுதி. மாடு மிரண்டாலும் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும், தாயின் கை குழந்தையை விழாமல் தாங்கிக் கொள்ளும். அந்த வேகத்திற்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது.

அடிவாரமாகிய அலிபிரியிலிருந்து மேலே செல்வதற்குப் படிவழியே வழி. ஏறத்தாழ 3,550 படிகள். நடக்க இயலாத முதியோரை டோலியில் தூக்கிச் சென்றனர். குழந்தையோ தாயின் இடுப்பிலும் தந்தையின் தோளிலும் மாறி மாறி அமர்ந்து சென்றது. இரு கையும் வேண்டுமென்றால், குழந்தையை முதுகோடும் மார்போடும் சேர்த்துத் துணியால் இறுகக் கட்டிக் கொள்வர். இதனை நாம் கவனத்தில் இருத்த வேண்டும். குழந்தையைக் கட்டிக் காப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஏணையாயினும் முதுகுத் துணியாயினும் அதன் பயன் ஒன்றே: குழந்தை தன்னைச் சுமக்கும் பொருளினின்றும் பிரியலாகாது.

1890-களின் தொடக்கத்தில் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு இரயில் பாதை எட்டியது. நாட்கணக்கில் நடந்த பயணம் மணிக்கணக்கில் சுருங்கிற்று. அப்பொழுதும் நம் பெண்டிர் புதிய ஊர்திக்கு ஏற்பப் பழைய முறையைத் திருத்திக் கொண்டனர். வண்டிக் கூட்டில் கட்டிய ஏணை, இரயில் பெட்டியின் மேற்பலகைச் சங்கிலியில் தூளியாகத் தொங்கியது. இரயிலில் இக்காட்சியை இன்றும் காணலாம்.

பெரும் மாற்றம் 1944-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் திருமலைக்கு அமைக்கப்பட்ட முதல் மலைப்பாதையைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 19 கி.மீ. நீளமுள்ள அப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் 36 என்பர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், இரண்டாம் மலைப்பாதை அமைந்தது. அது முதல் புதிய பாதை ஏறுவதற்கும் பழைய பாதை இறங்குவதற்கும் என வகுக்கப்பட்டன. பல மணி நேரம் மூச்சு வாங்க ஏறிய மலையை, ஒரு மணி நேரத்திற்குள் அமர்ந்தபடியே ஏறிவிடலாம் என்ற நிலை வந்தது.

பேருந்தில் ஏறிய தாய், குழந்தையை மடியில் இருத்திக் கொண்டாள். வேறு வழியும் இல்லை. பின்னர்ச் சிலரிடம் சொந்தக் கார்கள் வந்தன. 1950-களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய அம்பாசிடர் காரில், முன்னிருக்கை ஒரே நீள மெத்தையாக இருந்தது. ஓட்டுபவருக்கும் தாய்க்கும் நடுவே குழந்தையை நிற்க வைத்து வேடிக்கை காட்டியபடி செல்வது அக்காலத்து வழக்கம். 1983 இறுதியில் மாருதி 800 வெளிவந்த பின்னர், நடுத்தரக் குடும்பங்களும் காருக்கு உரியவை ஆயின. சாலைகள் அகன்றன, வேகம் பெருகிற்று. ஆனால் குழந்தை இருந்த இடம் மாறவில்லை. இடுப்பிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து இரயிலுக்கும் மாறியபோது முறையை மாற்றிக் கொண்ட நாம், காரில் ஏறியபோது மட்டும் மடியே போதும் என்று நின்றுவிட்டோம்.

மடி ஏன் போதாது? இதற்கு விடை அன்பைப் பற்றியது அன்று, கணக்கைப் பற்றியது. ஓர் ஊர்தி எதன்மீதேனும் மோதித் திடீரென நிற்கும்போது, உள்ளிருப்பவர் அதே வேகத்தில் முன்னே வீசப்படுகின்றனர். அந்த வேகத்தை உயரத்தினின்று விழும் வேகத்தோடு ஒப்பிட்டு அறியலாம். மணிக்கு 5 கி.மீ. செல்லும் மாட்டுவண்டி திடீரென நின்றால், அது அரைச் சாண் உயரத்தினின்று விழுவதை ஒக்கும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அது 10 மீட்டர், அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலோ அது 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயர்ந்ததொரு கோயில் கோபுரத்தின் உச்சிக்கு நிகரானது. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும் என்பதே இதன் விதி.

தாயின் கை எவ்வளவு வலியதாயினும் இதனைத் தாங்குமா? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்த கார், முன்பகுதி நசுங்கி 60 செ.மீ. தூரத்திற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை, 160 கிலோ மூட்டையின் பளுவோடு முன்னோக்கி இழுக்கப்படும். தாய் கையை இறுக்குவதற்கு முன்னரே யாவும் முடிந்துவிடும். தாயும் பட்டை அணியாதிருந்தால் இன்னும் கொடுமை: அவள் உடலே குழந்தையை முன்னிருக்கையோடு சேர்த்து நசுக்கும். இருவரையும் ஒரே பட்டையால் சுற்றிக் கட்டுவதும் அத்தகையதே. அன்பால் அணைத்த மடி, அக்கணத்தில் ஆபத்தான இடமாகி விடுகின்றது.

மேலை நாடுகளும் இந்த உண்மையை உடனே உணர்ந்தன அல்ல. அங்கே 1930-களில் விற்ற குழந்தை இருக்கைகள் காப்புக்காக ஏற்பட்டவை அல்ல. குழந்தை இங்குமங்கும் தவழாமல் ஓரிடத்தில் இருக்கவும், சன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும் சற்று உயர்த்தி வைக்கும் ஆசனங்களே அவை. முன்னிருக்கையின் முதுகில் கொக்கியால் மாட்டும் துணி இருக்கைகளும், பொம்மைச் சுக்கான் பொருத்திய இருக்கைகளும் பின்னர் வந்தன. மோதலில் அவை எவ்விதப் பயனும் தருவன அல்ல.

1959-இல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பட்டையை உருவாக்கினார். அதன் உரிமையைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்தது. ஆனால் அது வளர்ந்தோர் உடலுக்கு அளவெடுத்தது. குழந்தைக்கென்று எண்ணிப் பார்த்தவர்கள் 1960-களில் தோன்றினர். 1962-ஐ ஒட்டி, இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ் என்பவரும் அமெரிக்காவில் லெனர்ட் ரிவ்கின் என்பவரும், தனித்தனியே, பட்டைகளோடு கூடிய குழந்தை இருக்கைகளை வடிவமைத்தனர். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் வேறொரு வழியில் சிந்தித்தார். விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகு முழுவதும் தாங்கும்படி சாய்ந்து கிடப்பதைக் கண்ட அவர், குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி அமர்த்தினால் மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றிலும் பரவித் தாங்கப்படும் என்று கருதினார். 1964-இல் அத்தகைய இருக்கை சோதிக்கப்பட்டது.

அவர் கருத்தின் நுட்பத்தைத் தாய்மார் எளிதில் உணர்வர். சிறு குழந்தையின் தலை, உடலின் நீளத்தில் கால் பங்கு உள்ளது. கழுத்தோ இன்னும் உறுதி பெறாதது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையை மோதலின்போது பட்டை பிடித்து நிறுத்தினாலும், தலை மட்டும் வீசி இழுக்கப்படும். பின்னோக்கி அமர்ந்தால் அத்தலையை இருக்கையின் முதுகே ஏந்திக் கொள்கின்றது. சுவீடனில் குழந்தைகள் ஏறத்தாழ நான்கு வயது வரை பின்னோக்கியே அமர்த்தப்படுவதன் காரணம் இதுவே.

கருவி தோன்றியது, வழக்கம் மாற வேண்டுமே! அதற்குரிய கதை அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நிகழ்ந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் மனைவி பாட் சாண்டர்ஸும் பல ஆண்டுகள் முயன்று, சிறு குழந்தைகளைக் காப்பு இருக்கையில் அமர்த்துவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தனர். 1978 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டமே அந்நாட்டில் இவ்வகையில் முதலாவது. ஆனால் சட்டமன்றத்தார் அதில் ஒரு விலக்கைச் செருகினர். தாய் தன் கையில் குழந்தையை ஏந்தியிருந்தால் இருக்கை வேண்டா என்பதே அது. மடியைப் பற்றிய நம்பிக்கை அங்கும் அவ்வளவு ஆழமாக இருந்தது. அதனைக் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று சாண்டர்ஸ் கடிந்து பேசினார். 1981-இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன. காப்பு இருக்கையை முறையாகப் பயன்படுத்தினால், காரில் செல்லும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பு 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் உயிரிழப்பு 54 விழுக்காடும் குறையும் என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இப்பொருளை முதன்முறையாகத் தெளிவாக எடுத்துரைத்தது. அதன் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக்குரிய காப்பு அமைப்பாலோ பிணைக்காமல் ஊர்தியை ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். 2022-இல் வெளியான விதி, இருசக்கர ஊர்தியில் செல்லும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு இணைக்கும் கச்சையும், மணிக்கு 40 கி.மீ.க்கு மேற்படாத வேகமும் வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப் என்னும் சோதனைத் திட்டத்தில், காரில் அமரும் குழந்தையின் பாதுகாப்பிற்குத் தனி மதிப்பெண் வழங்கப்படுகின்றது. ஆகவே சட்டமும் உண்டு, கருவியும் உண்டு. குறைவது வழக்கம் ஒன்றே.

வழக்கம் ஏற்படாமைக்குச் சொல்லும் ஒரு காரணமோ என்று நாம் எண்ணுவதுண்டு. சட்டத்தின் ஆங்கில வாசகம் அடக்குதல், தடுத்தல் என்னும் பொருளுடைய சொல்லால் இக்கருவியைக் குறிக்கின்றது. அதனை அவ்வாறே பெயர்த்தால், குழந்தையைத் தளையிட்டு வைக்கும் பொருள்போல் தமிழ்ச் செவிக்குத் தோன்றும். ஆனால் நம் மொழியில் இதற்கென்றே அமைந்தது போன்ற சொல் ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்புப் பருவம். குழந்தையின் கையில் நாம் அணிவிப்பதும் காப்பு. எனவே இதனைக் காப்பிருக்கை என்போம். கட்டுவது தண்டனை அன்று. ஏணைத் துணியும் முதுகுத் துணியும் செய்த அதே தொழிலைக் காரின் வேகத்திற்கு ஏற்பச் செய்வதே காப்பிருக்கை.

சிலர், ஆண்டவன் சந்நிதிக்குச் செல்லும் வழியில் என்ன நேர்ந்துவிடும் என்பர். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைவழியில் ஒரு சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். உடனே, 15 வயதுக்குட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்குமேல் அவ்வழியே ஏறுதல் கூடாது என்று தேவஸ்தானம் விதித்தது. நடந்து செல்வோர்க்குக் கைத்தடியும் வழங்கலாயிற்று.  காட்டு விலங்கிற்கு அஞ்சிக் காவல் தேடுவது நம்பிக்கைக் குறைவு அன்றெனில், சாலைக்கு அஞ்சிக் காவல் தேடுவதும் அத்தகையதே. 2024 செப்டம்பரில் சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே மொகிலி மலைச்சரிவில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தனர். பெங்களூரிலிருந்து வரும் குடும்பங்களின் கார்கள் நாள்தோறும் இறங்கும் சரிவு அது.

இனி, பயணத்தில் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். காப்பிருக்கையைக் காரின் பின்னிருக்கையில் பொருத்துதல் வேண்டும். பின்னோக்கிய இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைத்தல் கூடாது. விரியும் பையே குழந்தைக்கு எமனாகும். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில், இருக்கையைப் பூட்டுவதற்கு ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரும்பு வளையங்கள் உண்டு. அவை இல்லையேல், உற்பத்தியாளர் காட்டும் முறைப்படி காரின் பட்டையாலேயே கட்டலாம். பொருத்திய பின் இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்திற்குமேல் நகரலாகாது. குழந்தையின் தோளில் பட்டைக்கும் உடலுக்கும் இடையே ஒரு விரலுக்கு மேல் நுழைய இடமிருத்தல் ஆகாது. மார்கழி விடியலில் புறப்படுவோர் கம்பளிச் சட்டையின்மேல் பட்டையைப் பூட்டுகின்றனர். அது தவறு, கம்பளி அமுங்கியதும் பட்டை தளர்ந்துவிடும். முதலில் பட்டையைப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துக.

குழந்தை அழுகின்றது, அமர மறுக்கின்றது என்பதே தாய்மார் கூறும் பெரிய தடை. அதற்குப் பயண நாளில் தீர்வு தேடுதல் பயனில்லை. பத்து நாள் முன்னரே காப்பிருக்கையை வீட்டுக் கூடத்தில் வைத்து, குழந்தை அதில் அமர்ந்து விளையாடட்டும். பின்னர்க் கடைத்தெரு வரையிலும், உறவினர் வீடு வரையிலும் சிறு பயணங்கள் செல்க. முதல் முறை அழுதவுடன் தூக்கி மடியில் வைத்துவிட்டால், அழுதால் மடி கிடைக்கும் என்று குழந்தை கற்றுக் கொள்ளும். பெரியவர்களும் பின்னிருக்கையில் பட்டை அணிந்தால், தனக்கு மட்டும் ஏன் என்ற எண்ணம் மூன்று வயதுக் குழந்தைக்கும் எழாது.

பெங்களூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 250 கி.மீ. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துக் கால் நீட்டச் செய்தல் வேண்டும். முள்பாகலில் ஒரு முறையும், சித்தூரை ஒட்டிய காணிப்பாக்கம் விநாயகர் கோயிலில் ஒரு முறையும் தங்கிச் செல்லலாம். பாலூட்டுதல், சோறூட்டுதல், துணி மாற்றுதல் ஆகிய யாவும் கார் நின்றிருக்கும்போதே நடைபெற வேண்டும். ஓடும் காரில் ஒரு நிமிடம்தானே என்று பட்டையை அவிழ்ப்பது, குழந்தையைக் கட்டாமலே விடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது வெயில். கோடையில் இச்சீமையின் வெப்பம் யாவரும் அறிந்ததே. வெயிலில் நின்ற காரின் பட்டைக் கொக்கி, குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். அமர்த்துமுன் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கக் கண்ணாடிக்கு மெல்லிய நிழல் துணி இடுக. சன்னல் மூடிய கார் பத்தே நிமிடத்தில் 10 பாகை செல்சியசுக்குமேல் சூடேறக் கூடும். ஆகவே சிற்றுண்டிச் சாலையில் காப்பி வாங்கும் நேரத்திற்குக்கூட, உறங்கும் குழந்தையைக் காரில் தனியே விட்டுச் செல்லுதல் கூடாது.

மலைப்பாதையில் வளைவுகள் மிகுதியாதலால் குழந்தைகளுக்குக் குமட்டல் வரும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் இட்லி போன்ற எளிய உணவைச் சிறிதளவு கொடுங்கள். நெய்ப் பலகாரமும் வயிறு நிறையப் பாலும் வேண்டா. கைப்பேசியில் படம் காட்டினால் குமட்டல் மிகும். வெளியே தொலைவிலுள்ள மலையைக் காட்டிப் பேசிச் செல்லுங்கள். மாற்றுத் துணியும் ஈரத் துண்டும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

மிகுந்த விழிப்பு வேண்டிய நேரம் திரும்பும் நேரமே. கல்யாணகட்டாவில் முடியிறக்கி, நீராட்டி, தலையில் சந்தனம் பூசி, தரிசனம் முடித்து வரும் குழந்தை களைத்துப் போய்த் தாயின் தோளிலேயே உறங்கிவிடும். எழுப்பி இருக்கையில் அமர்த்த மனம் வராது. ஆனால் இறங்கும் பாதையே அந்தப் பழைய பாதை, 36 வளைவுகள் உள்ளது. ஓட்டுபவரும் இரவெல்லாம் வரிசையில் நின்று களைத்திருப்பார். தேவஸ்தானமே சுங்கச் சாவடிகளில் நேரம் குறித்து, குறிப்பிட்ட நேரத்திற்கு முன் கீழே வந்து சேரும் வண்டிகளைக் கண்டிக்கின்றது. ஆகவே உறங்கும் குழந்தையை மெல்லக் காப்பிருக்கையில் கிடத்தி, சந்தனம் ஒட்டாதிருக்க மெல்லிய பருத்தித் துணியைத் தலைக்கடியில் ஒற்றையாக விரித்து, பட்டையைப் பூட்டுக. ஓட்டுபவர் ஓரிரு மணி நேரம் உறங்கி எழுந்த பின்னரே இறங்குதல் நலம்.

இரயிலில் வந்து, திருப்பதியில் வாடகைக் கார் அமர்த்துவோரும் பலர். அவ்வண்டிகளில் காப்பிருக்கை இருத்தல் அரிது. வண்டியை அமர்த்தும்போதே கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், வைத்திருப்பவர் தோன்றுவர். இல்லையேல் மடக்கி எடுத்துச் செல்லத்தக்க இருக்கையை உடன் கொண்டு வரலாம். அதுவும் இயலாதெனில், மலைக்குச் செல்லும் அரசுப் பேருந்தில் நடுப்பகுதியில் உட்புறமாக அமர்ந்து செல்வது, சிறு காரின் முன்னிருக்கையில் மடியில் வைத்துச் செல்வதைவிட நன்று. காப்பிருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பது உண்மையே. ஆனால் ஒரு குழந்தைக்கு வாங்கியது, விபத்தில் சிக்காமலும் பழுதுபடாமலும் இருந்தால், அதன் தம்பிக்கும் தங்கைக்கும் பயன்படும். காது குத்துக்கும் பெயர் சூட்டலுக்கும் வெள்ளிக் கிண்ணமும் பட்டுச் சட்டையும் வழங்கும் தாய்மாமனும் அத்தையும், அவற்றுக்கு மாற்றாக இதனை வழங்கினால் அது பெருஞ்சீராகும்.

திருமலைக்குச் செல்லும் வழி நடைவழியாகவும், வண்டி வழியாகவும், இரயில் வழியாகவும், மலைச்சாலையாகவும் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குழந்தையை எங்கே வைப்பது என்ற வினாவிற்கு நம் வீட்டுப் பெண்டிர் அக்காலத்துக்கு ஏற்ற விடையைக் கண்டனர். காருக்கு உரிய விடையை உலகம் 1960-களிலேயே கண்டுவிட்டது. அதனை நம் வீட்டு வழக்கமாக ஆக்கிக் கொள்ளுதல் நம் தலைமுறையின் கடமை. அடுத்த முறை பயணத்திற்கு நாள் பார்க்கும்போது, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கையோடு காப்பிருக்கையையும் எடுத்து வைக்க மறவாதீர்கள்.